கடவுச்சீட்டும் கடவுச்சொல்லும்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஈழத்தை விட்டு வெளியேறிய எம்மவரிற் பலருக்குக் கடவுச்சீட்டு என்பது தமது கையில் இருந்த பொருளன்று. அதனைத் தேடித் தந்தவர் முகவர். எந்தப் பெயரில், எந்த வழியாக, எந்த நாளில் விமானம் ஏறவேண்டும் என்பதைத் தீர்மானித்தவரும் அவரே. வந்திறங்கியதும் அதனைத் திருப்பி வாங்கிக்கொண்டவரும் அவரே. தன் பெயரையே இன்னொருவரிடம் அடைவு வைத்துவிட்டுக் கரைசேர்ந்த அந்த அனுபவத்தை எமது மக்கள் இன்னும் மறந்துவிடவில்லை.

இன்று கனடாவிற் புகலிடம் கோரும் ஒருவருக்கு, அன்று கடவுச்சீட்டு வகித்த இடத்தைக் கடவுச்சொல் பிடித்துக்கொண்டுள்ளது. அவரது அகதி விண்ணப்பம், விசாரணைத் திகதி, வேலை அனுமதி, வங்கிக் கணக்கு, ஊரிலுள்ளோருடனான பேச்சு ஆகிய யாவும் ஒரு கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டன. அதனைத் திறக்கும் சில எழுத்துக்களை அறிந்தவர் யார்? "நான் மட்டுமே" என்று இக்கேள்விக்குத் தயக்கமின்றிப் பதில் சொல்லக்கூடியவர்கள் எம்மிடையே அதிகமில்லை. இதனை ஒரு சிறு விடயமாகக் கருதி ஒதுக்கிவிட முடியாது என்பதே எமது கருத்தாகும்.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபுரோவில், கெனடி வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி அமைந்துள்ளது டோர்செட் பார்க். வடக்கே 401 நெடுஞ்சாலை. தெற்கே லோறன்ஸ் வீதி. இரண்டாம் உலகப் போரின் பின்னர் எழுந்த சிறு வீடுகளும், பின்னாளில் வந்த அடுக்குமாடிக் கட்டடங்களும் இங்கு அருகருகே உள்ளன. சமூக வசதிகள் போதாதவை என ரொறன்ரோ நகரசபை 2005ஆம் ஆண்டில் இனங்கண்டு முன்னுரிமை வழங்கிய 13 பகுதிகளுள் இதுவும் ஒன்று. நாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் வாழ்வைத் தொடங்கும் இத்தகைய இடங்களிலேதான், புதிய சாதனங்கள் மனித வாழ்வை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைத் தெளிவாகக் காணமுடிகிறது.

மலிந்துபோன தொலைவு

தொலைபேசி எமக்கு அளித்த நன்மையை முதலிற் கூறிவிடுவதே நியாயம். தொண்ணூறுகளின் முற்பாதியில், யாழ்ப்பாணத்திலிருந்த தாயுடன் பேசவேண்டுமானால் அவர் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து காத்திருக்க நேர்ந்தது. இங்கிருந்து பேசியவருக்கோ ஒவ்வொரு நிமிடமும் கூலியின் ஒரு பகுதியாகக் கரைந்தது. கனடாவிலிருந்து கடல் கடந்து செல்லும் அழைப்புக்கள்மீது ரெலிகுளோப் நிறுவனம் கொண்டிருந்த தனியுரிமை 1998 ஒக்டோபரில் முடிவுக்கு வந்தது. அதன் பின் போட்டி பெருகியது, கட்டணம் வீழ்ந்தது, தமிழ்க் கடைகளின் காசுமேசைகளில் தொலைபேசி அட்டைகள் நிறைந்தன.

அந்த அட்டைகளின் காலமும் கடந்துவிட்டது. 2009இல் தொடங்கிய வட்ஸ்அப் 2015இல் குரல் அழைப்பையும் 2016இல் காணொளி அழைப்பையும் பெற்றது. இதனிடையே 2014இல் பேஸ்புக் நிறுவனம் அதனை 19 பில்லியன் டொலருக்கு வாங்கியது. ஊரில் நடக்கும் கலியாண வீட்டையும் செத்த வீட்டையும் டோர்செட் பார்க்கின் பத்தாம் மாடியிலிருந்து பார்ப்பது இன்று வழமையாகிவிட்டது. இதற்குமுன் அதே பணியைச் செய்துவந்த ஸ்கைப் 2025 மே மாதத்துடன் மூடப்பட்டது. எமது உறவுகளைக் கோத்து வைத்திருக்கும் நூல் எமக்குச் சொந்தமானதன்று என்பதை அந்த மூடல் நினைவூட்டியது. எனினும் பிரிவின் துயரை இச்சாதனங்கள் குறைத்தன என்பதை மறுப்பதற்கில்லை.

அரச கருமபீடம் கைக்குள் வந்தது

ஊரோடு பேசுவதற்கென வாங்கிய அதே கருவி, அண்மைக்காலத்தில் அரசாங்கத்தின் வாசலாகவும் மாறியுள்ளது. இம்மாற்றத்தைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1985 ஏப்ரலில் கனடாவின் உயர் நீதிமன்றம், சிங் வழக்கு என அறியப்படும் தீர்ப்பில், அகதிக் கோரிக்கையாளர் தமது கதையை வாய்மொழியாக எடுத்துரைக்க வாய்ப்பளிக்கப்பட வேண்டும் என்று கூறியது. கடதாசிகளை மட்டும் பார்த்து ஒருவரின் உயிர்ப் பிரச்சினையைத் தீர்த்துவிட முடியாது என்பதே அதன் சாரம். அதனைத் தொடர்ந்து 1989 ஜனவரியில் குடிவரவு அகதிகள் சபை உருவாயிற்று. எமது மக்களிற் பெருந்தொகையானோர் அச்சபையின் முன் நேரில் அமர்ந்து, மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் தமது வரலாற்றைச் சொன்னவர்களே.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று நேரடி விசாரணைகளை நிறுத்தியது. அதன் பின்னர் விசாரணைகள் மைக்ரோசொப்ட் ரீம்ஸ் என்னும் செயலி வழியாகத் திரையில் நடைபெறலாயின. தொற்று தணிந்த பின்னரும் அதுவே பொது வழக்கமாக நிலைத்துவிட்டது. நேரில் விசாரிக்கப்பட விரும்புபவர் அதனைத் தனியாகக் கேட்டுப் பெறவேண்டும். 2021 ஒக்டோபரில், நாட்டுக்குள் இருந்தவாறு அகதிக் கோரிக்கை செய்பவர்களுக்கான இணைய வாயில் திறக்கப்பட்டது. அது பேசும் மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமே.

இதில் நன்மையே இல்லை என்று நாம் கூறவரவில்லை. கைக்குழந்தையுடன் பனியில் நகர மையத்துக்குப் பயணம் செய்யும் சிரமம் குறைந்தது. வேலைநாள் இழப்பு குறைந்தது. ஆனால், நேரிற் செல்வதற்கு ஒருவருக்குத் தேவைப்பட்டவை அவரது உடலும் ஒரு பேருந்துச் சீட்டுமே. இணைய வாயிலுக்குள் நுழைவதற்கோ ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கடவுச்சொல், குறுஞ்செய்தி வரக்கூடிய தொலைபேசி இலக்கம் ஆகியன தேவை. இம்மூன்றையும் புதிதாக வந்தவருக்கு ஏற்படுத்திக் கொடுப்பவர் பெரும்பாலும் இன்னொருவரே. சிக்கல் இங்கிருந்தே ஆரம்பமாகிறது.

உதவியும் பிடியும்

படிவம் நிரப்பிக் கொடுப்பவர் அவசரத்துக்குத் தமது மின்னஞ்சலையே பதிந்துவிடுகிறார். அல்லது புதிதாக ஒன்றைத் திறந்து, கடவுச்சொல்லைத் தமது கைத்தொலைபேசியிற் சேமித்துக்கொள்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும், மேலதிக ஆவணம் கேட்டு வரும் கடிதமும், நேர்முகத்துக்கான அழைப்பும், விசாரணைத் திகதியும் அந்த முகவரிக்கே போகின்றன. அவர் வீடு மாறினாலோ, ஊருக்குப் போனாலோ, காசு விடயத்தில் மனம் கசந்தாலோ, கோரிக்கையாளர் தமது வழக்கிலிருந்தே வெளியே தள்ளப்படுகிறார். விசாரணைக்குச் சமூகமளிக்காதவரின் கோரிக்கை கைவிடப்பட்டதாக அறிவிக்கப்படலாம் என்பதைச் சட்டம் அறிந்தவர்கள் யாவரும் எச்சரிக்கின்றனர். "எனக்குத் தகவல் வரவில்லை" என்று பின்னர் நிரூபிப்பது இலகுவான காரியமன்று.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். சட்டத்தரணி ஒருவர் தமது தொழில்முறைக் கணக்கின் வழியாக விண்ணப்பத்தை அனுப்புவது முறையானதே. அவரைக் கேள்வி கேட்க ஒரு சட்டச் சங்கம் உண்டு. பணம் பெற்றுக்கொண்டு குடிவரவு ஆலோசனை வழங்குவோரை ஒழுங்குபடுத்தவும் 2021 நவம்பர் முதல் ஒரு கல்லூரி இயங்குகிறது. உரிமம் பெற்றவரா என்பதை அதன் பட்டியலில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். உரிமமும் இன்றி, பெயரும் இன்றி, கடையின் பின்னறையில் இருந்து நூறு டொலருக்குப் படிவம் நிரப்புபவரைக் கேள்வி கேட்க எவருமில்லை. அன்றைய முகவரைக் கேள்வி கேட்க எவரும் இல்லாதிருந்ததை இது நினைவூட்டவில்லையா?

வேலைத் தளத்திலும் இதே நிலையைக் காண்கிறோம். வேலை அனுமதி வருமுன்னர் வயிற்றுப்பாட்டுக்காக, இன்னொருவர் பெயரிலுள்ள கணக்கைக் கொண்டு உணவு விநியோகம் செய்பவர்கள் இந்நகரில் உண்டு. உழைப்பு ஒருவருடையது, பணம் போய்ச் சேரும் கணக்கு இன்னொருவருடையது. செயலி வழியாக வேலை செய்வோருக்கான ஒன்ராறியோச் சட்டம் 2025 ஜூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. குறைந்தபட்ச ஊதியம், காரணம் கூறாது வேலைத் தளத்திலிருந்து நீக்கப்படாமை ஆகிய உரிமைகளை அது வழங்குகிறது. இரவற் பெயரில் உழைப்பவர் அந்த உரிமைகளை எந்த முகத்துடன் கேட்பது?

வீட்டுக்குள்ளும் இது நிகழ்கிறது. பேரப்பிள்ளை திறந்து கொடுத்த வங்கிக் கணக்கு, மகன் வைத்திருக்கும் கடவுச்சொல், மருமகளின் கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கம் என முதியவர்களின் வாழ்வு பிறர் விரல்களில் தங்கியிருக்கிறது. அன்புள்ள வீட்டில் இது வசதி. அன்பு குறைந்த வீட்டில் இது விலங்கு.

வாசல் அடைபட்ட நாட்கள்

கதவு ஒன்றாகிவிடின், அது அடைபடும் நாளில் என்ன நேரும் என்பதற்கு இரு நிகழ்வுகள் சான்று. 2022 ஜூலை 8ஆம் திகதி றொஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு நாடு முழுவதும் செயலிழந்தது. 1 கோடியே 20 இலட்சத்துக்கும் அதிகமான பாவனையாளர்கள் தொடர்பற்றுப் போயினர். வங்கி அட்டையாற் கடைகளிற் பணம் செலுத்த முடியவில்லை. 911 அவசர அழைப்பும் பலருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, எமது மக்களுக்கு இன்னும் நெருக்கமானது. வீட்டிற் கணனி இல்லாதவர்களுக்கு ரொறன்ரோ பொது நூலகமே புகலிடம். டோர்செட் பார்க் வாசிகளுக்கு லோறன்ஸ் வீதியிலுள்ள மக்கிரெகர் பார்க் கிளை அருகிலுள்ளது. 2023 ஒக்டோபர் 28ஆம் திகதி நூலகத்தின் கணனிகள் இணையக் கொள்ளையரின் தாக்குதலுக்கு உள்ளாயின. பொதுமக்களுக்கான கணனிகள் மாதக்கணக்கில் இயங்கவில்லை. 2024இன் தொடக்கத்திலேதான் படிப்படியாக மீண்டன. புத்தகம் இரவல் பெறுவோர் அதனை ஒருவாறு சமாளித்தனர். ஆவணம் அனுப்பவும், அச்செடுக்கவும் அக்கணனிகளையே நம்பியிருந்தவர்களுக்கு வேறு வழி குறைவு.

மலிவான இணைய இணைப்பு வழங்க மத்திய அரசிடம் ஒரு திட்டம் உண்டு. 2018இல் தொடங்கி 2022இல் விரிவாக்கப்பட்ட அத்திட்டம், பிள்ளை நலக் கொடுப்பனவை உச்ச அளவிற் பெறும் குடும்பங்களுக்கும், வருமான உதவியை உச்ச அளவிற் பெறும் முதியவர்களுக்கும் உரியது. அகதிக் கோரிக்கை முடிவாகாத ஒருவருக்கு அந்தப் பிள்ளை நலக் கொடுப்பனவே கிடைப்பதில்லை. எவருடைய தலைவிதி முழுவதும் திரைக்குள் வைக்கப்பட்டிருக்கிறதோ, அவரே அத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறார். சலுகையின் வாசலையும் வழக்கின் வாசலையும் வெவ்வேறு திணைக்களங்கள் கட்டியதன் விளைவு இது.

செய்யவேண்டியது

"காலத்துக்கேற்பப் படித்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று எம்மிடையே நிலைபெற்றுவிட்ட சிலர் கூறுவர். படிக்கவேண்டும் என்பதை நாமும் ஏற்கிறோம். ஆனால், வந்திறங்கிய கிழமையில், தூக்கமும் அச்சமும் கண்ணில் நிற்கும்போது, தெரியாத மொழியில் ஒரு வாயிலைத் திறக்கும்படி கேட்பதும் கல்வியும் ஒன்றல்ல. நேரிற் செல்லும் கருமபீடம், அஞ்சலில் வரும் கடிதம், மனிதர் எடுத்துப் பேசும் தொலைபேசி ஆகியவற்றை அரசு கைவிடக்கூடாது என்று எமது அமைப்புக்கள் உரத்துக் கேட்கவேண்டும். வாய்மொழி விசாரணை என்ற உரிமையும் சிலர் நீதிமன்றத்திற் போராடிப் பெற்றதே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அதேவேளை, காத்திராது நாமே செய்யக்கூடியவையும் உள்ளன. புதிதாக வந்தவர் தமது பெயரில், தமது கையால் ஒரு மின்னஞ்சலைத் திறக்கட்டும். கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி, ஆவணங்களுடன் வீட்டிற் பத்திரப்படுத்தட்டும். மலிவு என்று வாங்கிய தொலைபேசி இலக்கத்தை, பணம் நிரப்பாது விட்டுவிடக்கூடாது. கைவிட்ட இலக்கம் சில காலத்தின் பின் வேறொருவரிடம் போகும். வங்கியும் அரசும் அனுப்பும் இரகசிய இலக்கம் அவருக்கே செல்லும். முகவரி மாறினால் சபைக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கும் தனித்தனியே அறிவிக்கவேண்டும். திரையிற் பேசத் தயங்குபவர், அமைதியான அறையோ நல்ல இணைப்போ இல்லாதவர், நேரடி விசாரணை கேட்கலாமா என்று தமது சட்டத்தரணியிடம் வினவவேண்டும். சட்டத்தரணி அனுப்பும் ஒவ்வொரு ஆவணத்தின் பிரதியையும் கேட்டு வாங்கவேண்டும்.

ஸ்காபுரோவில் எமக்கு ஊர்ச் சங்கங்கள் உண்டு. பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. கோயில்களும் தேவாலயங்களும் உண்டு. இராப்போசன விருந்துக்கு மண்டபம் பிடிக்கத் தெரிந்த எமக்கு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணிநேரம் நான்கு இளைஞர்களை ஒரு மேசையில் அமர்த்துவது பெரிய காரியமன்று. அங்கு வருபவருக்காகப் படிவம் நிரப்பிக் கொடுப்பதைவிட, அவர் தமது விரலாலேயே திறந்து பார்க்கும்வரை பக்கத்தில் இருப்பதே உண்மையான உதவியாகும். கடவுச்சொல்லைத் தட்டும்போது உதவுபவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் பழகவேண்டும்.

ஒரு தலைமுறை தன் பெயரை முகவரிடம் கொடுத்து இந்நாட்டுக்கு வந்தது. அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று வருபவருக்கு வழி உண்டு. அதனைக் காட்டும் கடமை முன்னே வந்தவர்களாகிய எமக்கு உண்டு.