துப்பாக்கிக்கு ஒரு மூக்கு

வெங்காயத்துக்கு ரெயின் கன் போட்டிருப்பவர்களுக்கு இந்த வாரம் நான் எழுதப்போவதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். மூன்று கால் ஸ்டாண்டின் மேல் நின்றுகொண்டு 'டப் டப் டப்' என்று தண்ணீரைப் பீய்ச்சுமே, அதைப் போன மாதம் எங்கள் கொல்லையில் நட்டபோது ஒரு கால் மண்ணில் சரியாக இறங்கவில்லை. மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் கிழக்கே பாய்ந்தது, கன் மேற்கே சாய்ந்தது. பிடிக்கப்போன நான் தலையோடு கால் நனைந்தேன். வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த அக்கா மகன் சிரித்துவிட்டுச் சொன்னான்: "ரீகாயில் மாமா. இதுக்கும் ஒரு மசில் பிரேக் மாட்டணும்."

அவன் திருச்சியில் பொறியியல் படிக்கிறான். 2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு நடிகர் அஜித் திருச்சி ரைஃபிள் கிளப்புக்கு வந்தபோது வாசலில் முண்டியடித்த கூட்டத்தில் இவனும் ஒருவன். மற்றவர்கள் அஜித்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவனுக்குத் துப்பாக்கிப் பித்து பிடித்துவிட்டது. சுடுவது என்னவோ ஏர் ரைஃபிள்தான், அதுவும் கிளப்புடையது. ஆனால் போன் முழுக்க அமெரிக்கக்காரன் ஒரு கிலோமீட்டர் தூரத்து இரும்புத் தகட்டைச் சுடும் வீடியோ. அந்தத் துப்பாக்கிகளின் குழல் முனையில் திருகி மாட்டிய இரும்பு மூக்குகளில், அதாவது மசில் பிரேக்குகளில், எது உசத்தி என்று எங்கள் குரும்பலூரில் உட்கார்ந்துகொண்டு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறான். வாங்கப்போகிறவனும் இல்லை, வாங்க வழியும் இல்லை. இருந்தாலும் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

மூக்கின் வேலை இவ்வளவுதான். பம்புசெட் குழாயின் வாய் திறந்திருந்தால் தண்ணீர் முன்னே போகும், ஹோஸ் பின்னே உதைக்கும். அதே வாயில் ஒரு 'டீ' மூட்டைச் சொருகுங்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து அடிக்கும், ஹோஸ் சாதுவாகக் கிடக்கும். பக்கத்தில் நிற்கிறவர் நனைவார். துப்பாக்கியில் தண்ணீருக்குப் பதில் மருந்து எரிந்து வரும் புகைக்காற்று. குண்டு நடு ஓட்டை வழியே நேராகப் போய்விடுகிறது. அதன் முதுகைத் தள்ளிக்கொண்டு வரும் காற்றை மட்டும் மூக்கில் உள்ள தடுப்புகள் பக்கவாட்டில் திருப்பிவிடுகின்றன.

உதைப்பில் காற்றின் பங்கு எவ்வளவு என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். தெரியவில்லை. போனிலேயே கணக்குப் போட்டோம். 7.62 மி.மீ. வகை ரைஃபிளில் குண்டு சுமார் 11 கிராம், வேகம் நொடிக்கு 800 மீட்டர் அளவில். மருந்து மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அது காற்றாகி வெளியேறும் வேகம் நொடிக்கு 1,300 மீட்டர் போல வரும். எடையையும் வேகத்தையும் பெருக்கினால் குண்டுக்கு எட்டரையிலிருந்து ஒன்பது, காற்றுக்கு மூன்றரைக்கு மேல். அதாவது தோளில் வாங்கும் உதையில் பத்தில் மூன்று பங்கு அந்தக் காற்றுடையது. மூக்கு கைவைக்க முடிவது அந்த மூன்று பங்கில்தான். மீதி ஏழு பங்கு குண்டு கொடுத்த உதை. அதற்கு ஈடுகட்ட வேண்டுமென்றால் காற்றைப் பக்கவாட்டில் விட்டால் போதாது, பின்பக்கமாகவே திருப்ப வேண்டும்.

இங்கேதான் விற்கிறவர்களின் சாமர்த்தியம் இருக்கிறது. உதையின் வேகத்தை 30 சதவீதம் குறைக்கும் மூக்கு ஒன்று இருக்கிறதென்று வையுங்கள். மிச்சம் 0.7. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 0.49. ஆக, அதே மூக்கை ஒருவர் "30 சதவீதம் குறைக்கும்" என்று விற்கலாம், எதிர்க்கடைக்காரர் "51 சதவீதம் குறைக்கும்" என்று விற்கலாம். இரண்டு பேர் சொல்வதும் சத்தியம். துணிக்கடைத் தள்ளுபடி பார்த்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. எந்தத் துப்பாக்கியில், எந்தத் தோட்டாவில், எதை அளந்தார்கள் என்று சொல்லாத சதவீதத்தை நம்பாதே என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

வகைக்கு வந்தால் முக்கியமாக மூன்று ஜாதி. ஒன்று, குழலைச் சுற்றிலும் பூவாளித் தலை மாதிரி ஓட்டை போட்டது. செய்வது சுலபம், பார்க்கவும் லட்சணம். ஆனால் படுத்துச் சுடும்போது கீழ்ப்பக்க ஓட்டைகள் தரையை ஊதும். நம் ஊர்ச் செம்மண் காட்டில் இதைச் சுட்டால் அடுத்த அரை நிமிடத்துக்கு இலக்கும் தெரியாது, எதிரே இருக்கும் மலையும் தெரியாது. இரண்டாவது, இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்து உள்ளே தடுப்புச் சுவர் வைத்தது. தரைப்பக்கம் மூடியிருப்பதால் புழுதி குறைவு. நீள ரேஞ்சில் சுடுகிறவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். சிலவற்றில் மேலே சின்னச் சின்னத் துளைகளும் உண்டு, குழல் மேலே எகிறாமல் அவை அமுக்கும். மூன்றாவது, அதே ஜன்னலைப் பின்பக்கம் சாய்த்து வெட்டியது. உதையை வெகுவாகக் குறைப்பது இதுதான். சுடுகிறவர் காதிலும் பக்கத்து ஆளின் மூஞ்சியிலும் அறைவதும் இதுதான்.

மூக்கை மாட்டினால் குண்டு நேராகப் போகும் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தான். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். யோசித்தால் அது நடக்காத காரியம். குண்டு மூக்குக்குள் நுழைந்த பிறகுதானே பின்னால் வரும் காற்று தடுப்பில் மோதும்? மூக்கு வேலையைத் தொடங்குவதற்குள் குண்டு கிளம்பிவிட்டது. அந்தக் குண்டுக்கு அதனால் புண்ணியமில்லை. மாறாக, குழல் முனையில் எடை கூடுவதால் குழல் அதிரும் விதம் மாறி, மாட்டுவதற்கு முன் விழுந்த இடத்தை விட்டு குண்டு தள்ளி விழும். மறுபடி ஸ்கோப்பைத் திருத்த வேண்டும். மரை கொஞ்சம் கோணலாக வெட்டியிருந்தால் வந்தது வினை.

எவ்வளவு பெரிய வினை என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. போபர்ஸ் பீரங்கியை அடியொற்றி ஜபல்பூரில் செய்த 155 மி.மீ. 'தனுஷ்' பீரங்கி 2017-ல் சோதனையில் இருந்தபோது, வெளியே போன குண்டு தன் பீரங்கியின் மசில் பிரேக்கையே இடித்துவிட்டது. சோதனையை நிறுத்தி, காரணம் தேடி, மறுபடி சுட்டுப் பார்த்து, முதல் ஆறு பீரங்கிகளை ராணுவத்திடம் ஒப்படைத்தபோது 2019 ஏப்ரல் ஆகிவிட்டது. ரைஃபிள் மூக்கிலும் நடு ஓட்டை குண்டைவிட அரை மில்லிமீட்டர் போலத்தான் அகலமாக இருக்கும். அகலம் கூடினால் காற்று நேராக நழுவிவிடும், குறைந்தால் குண்டு உரசும்.

பின் எதற்குத்தான் அந்த மூக்கு? மாப்பிள்ளையின் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது விளங்கியது. அமெரிக்காவில் 2012-ல் தொடங்கிய 'பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்' என்ற போட்டி. துப்பாக்கியின் எடையே பத்து கிலோ பக்கம். சுடுவதோ ஏழு கிராம் கூட வராத 6 மி.மீ. குண்டு. இந்த எடைக்கு உதை என்று பெரிதாக என்ன இருக்கப்போகிறது? இருந்தாலும் ஆளுக்கு ஒரு மூக்கு மாட்டியிருக்கிறான். அவனுக்கு வேண்டியது தோள் சுகமில்லை. 600 மீட்டர் தூரத்துக்குக் குண்டு போய்ச் சேர ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் ஸ்கோப் துள்ளி அடங்கி, தகடு மறுபடி கண்ணுக்குள் வந்துவிட வேண்டும். குண்டு தகட்டில் பட்டதா, இடப்பக்கம் மண்ணைக் கிளப்பியதா என்று தானே பார்த்தால்தான் காற்றைக் கணித்து அடுத்த குண்டைத் திருத்த முடியும். அங்கே மூக்கு என்பது கண்ணுக்கு மாட்டிய உபகரணம். இன்னொரு லாபமும் உண்டு. உதைக்குப் பயந்து டிரிகரை இழுக்கும்போதே கண்ணைச் சுருக்கி முகத்தைத் திருப்பும் பழக்கம் குறையும். நாரணமங்கலம் துப்பாக்கிச் சுடும் தளம் பக்கம் போய் வந்தவர்கள் சொல்வார்கள், முதல் ரவுண்டில் நன்றாகச் சுட்டவன் இரண்டாவதில் தடுமாறுவான் என்று. முதல் உதையை வாங்கியாகிவிட்டதல்லவா.

ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் இந்தப் பேச்சே கிடையாது. சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளன விதிப்படி ரைஃபிளில் மசில் பிரேக்குக்குத் தடை. ஏர் ரைஃபிளில் தடையே தேவையில்லை என்றுகூடச் சொல்லலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டரில் குறிவைக்கும் பத்து மதிப்பெண் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். அதை நோக்கிப் போகும் ஈயக் குண்டு அரை கிராம் சொச்சம். உதை என்று ஒன்று இருந்தால்தானே பிரேக் போட. அங்கே அடக்க வேண்டியது மூச்சும் நாடித் துடிப்பும்தான், அதற்கு மரை வெட்டி மாட்ட எதுவும் விற்பதில்லை.

மூக்கு இல்லாமல் முடியவே முடியாது என்ற துப்பாக்கியும் நம் பக்கத்திலேயே பிறந்ததுதான். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966-லிருந்து நடக்கிறது. இங்கிருந்து அங்கே வேலைக்குப் போனவர்களும் உண்டு. அங்கே செய்த 'வித்வம்சக்', வாகனத்தையும் பதுங்குகுழியையும் துளைக்கும் ரைஃபிள். 12.7, 14.5, 20 மி.மீ. என்று குழலை மாற்றி மாற்றிச் சுடலாம். எடை 25 கிலோவுக்குக் குறையாது. எட்டும் தூரம் 1,800 மீட்டர் அளவில். எல்லைப் பாதுகாப்புப் படை வாங்கியது. அவ்வளவு எடை இருந்தும் உதையைத் தோள் தாங்காது என்பதால் முனையில் பெரிய மூக்கு ஒன்று, போதாததற்குக் குழலே சட்டத்துக்குள் பின்னோக்கிச் சறுக்கி உதையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று. நம்மூர் மாட்டுவண்டிக்குக் கட்டை போட்டது பத்தாமல் வில்லும் வைத்தது மாதிரி.

இத்தனையும் பேசி முடித்த அன்று சாயங்காலம் சித்தப்பா வந்தார். ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், போபர்ஸில் நின்றவர். மாப்பிள்ளை குஷியாகிவிட்டான். போபர்ஸ் முனையில் இருப்பது பூவாளி ஜாதி மூக்கு என்று எங்களுக்கு அவர்தான் உறுதி செய்தார். "அது இல்லேன்னா பீரங்கி குதிச்சு நாலு அடி பின்னாடி போயிரும். இருந்தா பீரங்கி நிக்கும், நாமதான் குதிக்கணும்" என்றார். முன்னே போக வேண்டிய அதிர்வில் ஒரு பங்கு பின்னே நிற்கும் ஆட்களிடம் வந்துவிடும் என்பதை அவர் சொன்ன விதம் இது.

அவர் இடது பக்கம் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குப் பதில் வராது. போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பார். வலது தோளில் ரைஃபிள் வைத்துச் சுடுகிறவர்களுக்கும் இடது காதுதான் முதலில் மங்கும் என்கிறார்கள். குழல் வாய்க்கு நெருக்கமாக இருப்பது அதுதான், வலது காதுக்குத் தலை மறைப்பாகிவிடும். பெரிய ரைஃபிள் ஒன்று சுடுகிறவர் காதருகே 155, 160 டெசிபல் வரை வெடிக்கும். 140-ஐத் தாண்டினாலே காதுக்குக் கேடு. நம் பட்டாசுக்குச் சட்டம் வைத்த வரம்பு நான்கு மீட்டர் தள்ளி 125. மூக்கை மாட்டினால் ரைஃபிளின் கணக்கு இன்னும் சில டெசிபல் ஏறும். சில என்று சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது, மூன்று ஏறினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. காதுக்குள் அடைப்பான், அதன்மேல் மூடி என்று இரண்டும் போட்டுக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

மாப்பிள்ளை தன் ஒப்பீட்டுப் பட்டியலைக் காட்டினான். எடை, நீளம், விலை, உதைக் குறைப்பு, மரை அளவு எல்லாம் கட்டம் கட்டி எழுதியிருந்தான். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்: பக்கத்துப் பாயில் படுத்துச் சுடுகிறவருக்கு என்ன ஆகும் என்று ஒரு கட்டம் இல்லையே. ஜன்னலின் நேர் பக்கத்தில் படுத்திருக்கிறவர் சூடான காற்றையும் சத்தத்தையும் ஓசியில் வாங்குகிறார், அவர் ஸ்கோப்பும் ஆடும். உதையில் ஒரு பங்கை நீ தோளிலிருந்து இறக்கி அவர் மேல் ஏற்றுகிறாய். என் கைக்கு அந்தப் பட்டியல் வந்தால் முதல் கட்டமே அதுதான். அதற்கப்புறம்தான் மற்றது. இரண்டு மூக்கை உண்மையாகவே ஒப்பிட வேண்டுமானால் ஒரே துப்பாக்கி, ஒரே பெட்டித் தோட்டா, துப்பாக்கியைத் தண்டவாளம் மாதிரி ஒரு சறுக்கில் வைத்துச் சுட்டு அது எவ்வளவு பின்னே போகிறது என்று போன் கேமராவில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது ஒலிமானி ஒன்று சுடுகிறவர் காதருகிலும், இன்னொன்று இரண்டு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டிலும் இருக்க வேண்டும்.

சித்தப்பா பட்டியலை வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, படங்களை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"எல்லாத்தையும் முன்னாடி நின்னு போட்டோ புடிச்சிருக்கான். சுடும்போது பக்கத்துல நின்னு ஒருத்தனும் எடுக்கலையேடா."

மாப்பிள்ளை அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான். ஏதோ பதில் சொன்னான். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மோட்டார் ஓடுகிறதா என்று என்னைக் கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.