பொதுநிலம் கேட்பாரற்ற நிலமா?

ஒருவருடைய தோட்டத்தில் வேறொருவர் புகுந்து வேலி போட்டால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. ஊராருடைய தோட்டத்தில் ஆட்சியாளர் புகுந்து வேலி போட்டால் அதற்குப் பெயர் வளர்ச்சித் திட்டம். முன்னதற்கு வழக்கு உண்டு, வாய்தா உண்டு, தண்டனை உண்டு. பின்னதற்கு அடிக்கல் நாட்டு விழா உண்டு, மாலை உண்டு, பாராட்டுரை உண்டு. இவ்விரு செயல்களுக்கும் இடையே உள்ள வேறுபாடுதான் என்ன? பறிகொடுத்தவர் ஒருவரா, பல்லாயிரவரா என்பதைத் தவிர வேறொன்றும் நமக்குத் தெரியவில்லை.

ஏட்டளவில் எழுந்த கேள்வி அன்று இது. கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டின் தலைநகரான நைரோபியில், 1989-ஆம் ஆண்டு இக்கேள்வி தெருவிலும் பாராளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் எழுந்தது. அங்கே அதற்குக் கூறப்பட்ட விடைகளை வாசகர்முன் வைத்து, அவற்றுள் எது நேர்மையானது என்று ஆராய விரும்புகிறோம்.

நைரோபியின் நடுவே, வானுயர்ந்த அலுவலகங்களின் அருகில், சுமார் 13 எக்டேர் பரப்பில் ஒரு பூங்கா இருக்கிறது. உஹூரு பூங்கா என்பது அதன் பெயர். உஹூரு என்னும் சுவாஹிலிச் சொல்லுக்கு விடுதலை என்று பொருள். சுதந்திரமானவன் என்னும் பொருளுடைய 'ஹுர்ரு' என்ற அரபுச் சொல்லின் வழியில் வந்த சொல் அது. 1969-இல் கென்யாவின் முதல் ஜனாதிபதி ஜோமோ கென்யாட்டா அப்பூங்காவைத் திறந்து வைத்தார். வீட்டில் முற்றமில்லாதவனுக்கு அதுதான் முற்றம். குழந்தையைக் கூட்டிச் செல்ல வேறிடம் அறியாத தாய்க்கு அதுதான் உல்லாசப் பயணம். நகரத்தில் கையகல நிலமும் இல்லாதவன், 'இது என்னுடையது' என்று உரிமையோடு கால்நீட்டி அமரக் கூடிய இடம் அது ஒன்றே.

அந்த நிலத்தின்மீதுதான் ஆட்சியின் கண் விழுந்தது. அன்றைய ஜனாதிபதி டேனியல் அராப் மோய். 1982-இல் சட்டத்தைத் திருத்தி, கானு என்னும் தம் கட்சியைத் தவிர வேறு கட்சியே கூடாது என்று செய்தவர் அவர். அக்கட்சியும், பிரிட்டிஷ் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெலும் கூட்டாக நடத்தி வந்த நாளேடு 'கென்யா டைம்ஸ்'. அந்நிறுவனத்தின் பெயரால் பூங்காவுக்குள் 60 மாடிக் கோபுரம் ஒன்று எழுப்பத் திட்டமிடப்பட்டது. கட்சித் தலைமையகம், பத்திரிகை அலுவலகம், கடைத்தொகுதிகள், 2,000 கார்கள் நிற்கும் இடம், இவற்றோடு ஜனாதிபதிக்கு ஒரு மாபெரும் சிலை. ஆப்பிரிக்காவிலேயே உயரமான கட்டடமாக அது விளங்கும் என்றார்கள். செலவோ ஏறத்தாழ 20 கோடி அமெரிக்க டாலர். அதில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கடன். கடனுக்குப் பிணை அரசாங்கம். அதாவது, யாருடைய பூங்கா பறிபோகிறதோ அவர்களே கடனையும் சுமக்க வேண்டும். 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய தாராளத்தைப் பார்த்துத்தான்.

எதிர்த்து எழுந்த குரல் ஒரு பெண்மணியின் குரல். வங்காரி மாத்தாய் என்னும் அவர், கிழக்கு, மத்திய ஆப்பிரிக்கப் பெண்களுள் முதன்முதல் டாக்டர் பட்டம் பெற்றவர். நைரோபிப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவத் துறையில் பேராசிரியராக இருந்தவர். 1977-இல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களைக் கொண்டு மரம் வளர்த்து வந்தவர். பூங்காவைப் பற்றிய செய்தி எட்டியதும் அவர் கையில் எடுத்த ஆயுதம் பேனா. ஜனாதிபதி அலுவலகத்திற்கு எழுதினார், நகர நிர்வாகத்திற்கு எழுதினார், அமைச்சருக்கு எழுதினார், ஐக்கிய நாட்டு அமைப்புகளுக்கு எழுதினார். பிரிட்டிஷ் தூதருக்கும் எழுதி, லண்டன் ஹைட் பூங்காவில் இப்படியொரு கோபுரம் கட்ட உங்கள் மக்கள் சம்மதிப்பார்களா என்று கேட்டார்.

எளிய கேள்வி. அதற்கு வந்த மறுமொழிகளைப் பாருங்கள். 1989 நவம்பர் 8-ஆம் நாள் பாராளுமன்றம் தன் வேலையை நிறுத்திவிட்டு அவரைத் தூற்றியது. அவருடைய இயக்கம் மணவிலக்குப் பெற்ற பெண்களின் கும்பல் என்று மக்கள் பிரதிநிதிகள் எள்ளி நகையாடினர். அந்த மாதமே அடிக்கல்லும் நாட்டப்பட்டது. ஆப்பிரிக்க மரபை அறிந்த பெண் ஆண்களை மதித்து வாய்மூடி இருக்க வேண்டும் என்றார் ஜனாதிபதி. எதிர்ப்போரின் மண்டைக்குள் பூச்சி புகுந்திருக்கிறது என்றும் கூறினார். அரசாங்கக் கட்டடம் ஒன்றில் இயங்கி வந்த இயக்கத்தின் அலுவலகத்தைக் காலி செய்யும்படி உத்தரவு பிறந்தது. அலுவலகம் அவருடைய சிறிய வீட்டுக்குள் குடிபுகுந்தது. பூங்காவைப் பற்றிக் கேட்டால் பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள். நியாயம் கைவசம் இருப்பவர்களுக்கு வசைமொழி எதற்கு என்று நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

வசையைவிட நாம் பெரிதாக எண்ணுவது நீதிமன்றத்தின் விடையை. கட்டுமானத்திற்குத் தடை வேண்டி மாத்தாய் தொடுத்த வழக்கை 1989 டிசம்பர் 11-ஆம் நாள் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. காரணம் என்ன? அந்த நிறுவனம் வாதியின் உரிமை எதையும் மீறவில்லையாம். அவருக்குத் தனிப்பட்ட நட்டம் எதையும் விளைவிக்கவில்லையாம். பொதுமக்களின் பெயரால் வழக்காட உரியவர் அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞர் ஒருவரேயாம். அந்தத் தலைமை வழக்கறிஞர் யாருடைய ஊழியர்? கோபுரம் கட்ட விரும்பும் அரசாங்கத்தின் ஊழியர். ஆக, திருட்டுப் போன வீட்டுக்காரன் புகார் செய்யக் கூடாது. திருடியவனின் கணக்குப்பிள்ளை மட்டுமே புகார் செய்யலாம்!

பொதுநிலத்தைக் கவர விரும்பும் அரசியல்வாதிகள் அனைவரும் அடைக்கலம் புகும் கோட்டை இந்த வாதத்தில்தான் இருக்கிறது. எல்லாருக்கும் உரியது எவருக்கும் உரியதன்று. எவருக்கும் உரியதல்லாததை எடுத்தால் எவருக்கும் இழப்பில்லை. இதுவே அவர்களுடைய தருக்கம். இந்தத் தருக்கம் நம் மொழிக்குள்ளும் புகுந்து வேலை செய்திருக்கிறது. புறம்போக்கு என்று ஒரு சொல் நம்மிடம் உண்டு. தீர்வைக்குப் புறம்பாக, ஊரின் பொதுத் தேவைக்கென ஒதுக்கப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். மேய்ச்சலும் குளக்கரையும் சுடுகாடும் மையவாடியும் அதில் அடங்கும். அச்சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. ஒன்றுக்கும் உதவாதவனைப் புறம்போக்கு என்கிறோம். பொதுவில் உள்ளதைப் பயனற்றது என்று சொல்லப் பழகிய நாவு, அது பறிபோகும்போது எப்படி எழுந்து பேசும்?

உண்மையில் கணக்கு நேர்மாறானது. ஒருவனுடைய நிலம் பறிபோனால் ஒருவன் ஏழையாகிறான். பூங்கா பறிபோனால் நகரத்திலுள்ள ஏழைகள் அனைவரும் இன்னும் ஏழைகளாகிறார்கள். செல்வனுக்கு இழப்பு மிகச் சிறிது. அவனுக்குத் தன் மாளிகையில் புல்வெளி உண்டு. ஒன்றுமில்லாதவனுக்கு இருந்த ஒரே சொத்து அந்தப் பொதுச் சொத்து. அவனுடைய பங்கிற்குப் பட்டா இல்லை, பத்திரம் இல்லை. ஆதலால் பங்கே இல்லை என்று சொல்வது நீதியாகாது.

திட்டத்தின் ஆதரவாளர்கள் சொல்வதையும் கேட்போம். 'பூங்கா முழுவதையுமா எடுக்கிறோம்? ஒரு பகுதிதானே' என்பார்கள். பூங்காவின் ஒரு பகுதியில் 60 மாடிக் கோபுரமும் ஈராயிரம் கார்களும் வந்தபின் மிஞ்சும் பகுதி கோபுரத்தின் வாசலாகுமே தவிரப் பூங்காவாக நீடிக்காது. 'வேலை கிடைக்குமே' என்பார்கள். கட்டடம் கட்டத்தான் வேலை என்றால், பூங்கா அல்லாத இடத்தில் கட்டினாலும் அதே வேலை கிடைக்கும். 'நாட்டுக்குப் பெருமை' என்பார்கள். கடன் வாங்கிக் கட்டிய மாடியின் உச்சியில் ஏறி நின்றால் கடன்காரனின் வீடுதான் முதலில் தெரியும்.

இதே நைரோபியில் வேறொரு தோட்டம் இருக்கிறது. அதன் வரலாறு நம் வாசகர்களுக்கு நெருக்கமானது. கராச்சியில் பிறந்து, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று, ரயில்பாதைக் குத்தகையிலும் வணிகத்திலும் பெரும்பொருள் ஈட்டியவர் அலிபாய் முல்லா ஜீவன்ஜி என்னும் போரா முஸ்லிம் வணிகர். கென்யாவின் சட்டசபையில் வெள்ளையரல்லாதாருள் முதலில் இடம்பெற்றவரும் அவரே. 1906-இல் அவர் நகரின் நடுவே ஒரு தோட்டத்தை மக்களுக்கு வழங்கினார். வெள்ளையரே மேலோர் என்றிருந்த நகரில், வந்தேறி வணிகர் ஒருவர் தம் பொருளைக் கொண்டு ஏழையின் ஓய்வுக்கு இடம் செய்தார். 1991-இல் அந்தத் தோட்டத்தின்மீதும் கை வைத்தார்கள். வாகன நிறுத்தமும் வணிகக் கட்டடமும் எழுப்பத் திட்டமிட்டார்கள். ஜீவன்ஜியின் பேத்தி ஜரீனா பட்டேல் முன்னின்று போராடினார். மாத்தாயும் உடன் நின்றார். தோட்டம் தப்பியது. இன்றும் ஜீவன்ஜி தோட்டம் என்ற பெயரோடு மக்கள் அமரும் இடமாக இருக்கிறது.

பொதுவுக்கென ஒருமுறை ஒதுக்கப்பட்டது விற்பனைக்கு உரியதன்று என்பதை வக்புச் சொத்தின் இலக்கணம் அறிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. முத்தவல்லி பதவியில் அமர்ந்தவர் சொத்தின் காவலர், உரிமையாளர் அல்லர். வக்பு அல்லாத பொதுநிலத்திற்கும் அறநெறி ஒன்றே. ஜனாதிபதியோ அமைச்சரோ நகரத் தந்தையோ, யாராயினும் அவர்கள் கையில் இருப்பது அமானிதம். அமானிதத்தை அடகு வைப்பவனை வளர்ச்சியின் நாயகன் என்று போற்றும் வழக்கம் என்று ஒழியும்?

உஹூரு பூங்கா எப்படித் தப்பியது? உள்ளூர் நீதி அதைக் காப்பாற்றவில்லை. மாத்தாயின் கடிதங்கள் உலகின் செவியில் விழுந்தன. கடன் கொடுக்க இருந்தவர்கள் தயங்கினர். 1990 தொடக்கத்தில் திட்டம் சுருங்கியது, பின்னர் கைவிடப்பட்டது. 1992 பிப்ரவரியில் வேலியும் அகன்றது. இதற்கிடையே 1991 நவம்பரில் மேக்ஸ்வெல் கடலில் இறந்து கிடந்தார். அவர் இறந்தபின், தம் தொழிலாளரின் ஓய்வூதிய நிதியிலிருந்து பல கோடி பவுன்களை அவர் சுருட்டியிருந்தது வெளியாயிற்று. பலருடைய பொதுப் பணத்தை எவருடையதுமல்லாத பணமாகக் கருதிய ஒருவரோடுதான், பலருடைய பொதுநிலத்தை எவருடையதுமல்லாத நிலமாகக் கருதிய கட்சி கூட்டுச் சேர்ந்திருந்தது. அந்நோய் ஒரு பூங்காவோடு நிற்கவுமில்லை. 2004-இல் அளிக்கப்பட்ட இன்டுங்கு ஆணைக்குழுவின் அறிக்கை, 1962 முதல் 2002 வரை கென்யாவில் சட்டவிரோதமாக வழங்கப்பட்ட நில ஆவணங்கள் ஏறத்தாழ 2,00,000 என்று கூறிற்று.

மீட்ட நிலத்தில் மக்கள் என்ன செய்தார்கள்? வேலி அகன்ற அதே பிப்ரவரி மாதத்தின் இறுதியில், அரசியல் கைதிகளின் தாய்மார்கள் அப்பூங்காவின் ஒரு மூலையில் அமர்ந்து, தம் பிள்ளைகளை விடுவிக்கக் கோரி உண்ணாநோன்பு தொடங்கினர். மாத்தாயும் அவர்களோடு அமர்ந்தார். மார்ச் 3-ஆம் நாள் போலீசார் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினர். மாத்தாய் நினைவிழந்து வீழ்ந்தார். தாய்மார்கள் அருகிலிருந்த தேவாலயத்தில் தஞ்சமடைந்து ஏறத்தாழ ஓராண்டு போராடினர். 1993-இல் பிள்ளைகளுள் பெரும்பாலோர் விடுதலையாயினர். அவர்கள் முதன்முதல் அமர்ந்த இடத்திற்கு இன்று விடுதலை மூலை என்று பெயர். அங்கே கோபுரம் எழுந்திருந்தால் அந்தத் தாய்மார்கள் எங்கே அமர்ந்திருப்பார்கள்? கட்சித் தலைமையகத்தின் கார் நிறுத்தத்திலா? பொது இடத்தை இழந்த மக்கள் பொதுவில் பேசும் வாய்ப்பையும் சேர்த்தே இழக்கிறார்கள். ஆட்சியாளருக்குப் பூங்காவின்மீது பிறக்கும் ஆசைக்கு நிலவிலை மட்டுமே காரணம் என்று நாம் நம்பவில்லை.

மாத்தாய்க்கு 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2011-இல் அவர் மறைந்தார். பரிசைவிடப் பெரிய வெற்றி ஒன்று அவர் கண்முன்னே நிகழ்ந்தது. கென்யாவின் புதிய அரசியல் சட்டம், சுற்றுச்சூழல் உரிமைக்காக வழக்கிடுவோர் எவரும், எவருக்கும் நட்டமோ தீங்கோ நேர்ந்ததாக மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்று தன் 70-ஆம் பிரிவில் கூறுகிறது. 1989-இல் நீதிமன்றம் சாத்திய கதவை அது திறந்து வைத்தது. அச்சட்டம் 2010 ஆகஸ்ட் 27-ஆம் நாள் மக்கள் வெள்ளத்தின் நடுவே நடைமுறைக்கு வந்தது. விழா நடந்த இடம் உஹூரு பூங்கா.

சட்டம் வந்துவிட்டது என்பதற்காக ஆசை போய்விடாது. எந்த ஊரிலும் ஒரு பூங்காவின் ஓரத்தில் அளவுச் சங்கிலி இழுக்கப்படலாம். ஒரு மைதானத்தின் வாசலில் தகரவேலி முளைக்கலாம். அன்று நம்மைப் பார்த்து, 'உனக்கென்ன நட்டம்?' என்று கேட்பார்கள். எங்களுக்குச் சொந்தமான நிலத்தில் உனக்கென்ன வேலை என்று திருப்பிக் கேட்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும். கேட்பார் உள்ளவரை பொதுநிலம் கேட்பாரற்ற நிலமாகாது.