மறதிக்கு மின்சாரமா?

தலையில் இரண்டு வில்லைகளை ஒட்டி லேசாக மின்சாரம் விட்டால் வயதானவர்களுக்கு ஞாபகசக்தி திரும்பிவிடும் என்ற செய்தி பத்திரிகைகளிலும் செல்போனிலும் அடிபடுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிலாளிகளுக்கு இது வெறும் வேடிக்கைச் செய்தி அல்ல. கார், டயர், செல்போன் தொழிற்சாலைகளில் மகனும் மகளும் ஷிப்டு பார்க்கிறார்கள். ஊரில் தகப்பனாரும் தாயாரும் தனியே இருக்கிறார்கள். சாப்பிட்டது மறந்துபோகிறது, வீட்டுக்குத் திரும்பும் வழி மறந்துபோகிறது. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று ஊர் சொல்லிவிடுகிறது. கடன் வாங்கியாவது இந்த மின்சார வைத்தியத்தைப் பார்த்துவிடலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நேராகப் பதில் சொல்லவேண்டிய கேள்வி.

விஞ்ஞானம் பொய்யல்ல

இது மாந்திரீகம் அல்ல. மனநோய்க்குக் கொடுக்கும் 'ஷாக்' வைத்தியமும் அல்ல. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் மின்சாரத்துக்குப் பங்கு உண்டு. மண்டையைத் திறக்காமல், வெளியிலிருந்தே அந்தப் பேச்சைத் தூண்டிவிடலாமா என்பதுதான் முயற்சி.

இதில் முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று காந்தம். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கரும் சகாக்களும் தலைக்கு மேல் கம்பிச்சுருளைப் பிடித்து, காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற தொழிலாளிக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. மற்றொன்று மின்சாரம், ஒன்று இரண்டு மில்லி ஆம்பியர்தான். டார்ச் லைட் பல்பு எரியத் தேவைப்படுவதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. எறும்பு ஊர்வதுபோல் இருக்கும்.

பலன் உண்டா? 2022-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆராய்ச்சியில் 65 முதல் 88 வயது வரையுள்ள 150 பேர் கலந்துகொண்டார்கள். நாலு நாள், தினம் 20 நிமிஷம் மின்தூண்டல் கொடுத்தார்கள். சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லும் திறன் கூடியது. ஒரு மாதம் வரை நின்றது. நல்ல செய்திதான். ஆனால் இவர்கள் மறதி நோயாளிகள் அல்ல, ஆரோக்கியமான முதியவர்கள். மறதி நோய்க்கென்றே ஒரு கம்பெனி கொண்டுவந்த காந்தக் கருவியை 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவின் நிபுணர் குழு பரிசீலித்தது. பலன் போதுமான அளவு நிரூபிக்கப்படவில்லை என்று கூறிவிட்டது.

நம் பக்கத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் இந்த முறைகளை மனநோய்களுக்குப் பயன்படுத்தி ஆராய்ந்து வருகிறது. இப்படிப்பட்ட பொது ஆஸ்பத்திரியில், டாக்டர் மேற்பார்வையில், செலவில்லாமல் ஆராய்ச்சி நடந்தால் பயப்படாமல் விசாரிக்கலாம். விளம்பரத்தை நம்பி வட்டிக்கு வாங்கிப் போகவேண்டாம். பாட்டரியும் வயரும் இருக்கிறதே என்று வீட்டில் செய்து பார்க்கவே வேண்டாம், தோல் வெந்துபோகும். தலைக்குள் உலோகமோ, நெஞ்சில் பேஸ்மேக்கரோ வைத்திருப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லவேண்டும்.

ஞாபகத்தைத் தின்பது எது?

மின்சாரத்தைப் பற்றிப் பேசும் பத்திரிகைகள் இதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை. 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வின் மதிப்பீட்டின்படி, 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு அதிகம். வயது எல்லோருக்கும்தான் ஆகிறது. நோய் மட்டும் ஏன் இப்படிப் பங்கிடப்படுகிறது?

உலக நிபுணர்கள் கூடி 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் 2024-இல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். படிப்பின்மை, காது மந்தம், பார்வைக் குறைவு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தலைக் காயம், மனச்சோர்வு, தனிமை, புகை, குடி, அசுத்தக் காற்று என்று 14 காரணங்கள். இவற்றை நீக்கினால் உலகில் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம். இந்தப் பட்டியலைப் படித்தால் ஒரு விவசாயத் தொழிலாளியின் வாழ்க்கையைப் படிப்பதுபோல் இல்லையா? பிரஸ் ஷாப்பில் காலமெல்லாம் இரைச்சலில் நிற்பவனின் காதைப்பற்றியும் அதில் எழுதியிருக்கிறதே!

இராத்திரி ஷிப்டையும் கவனியுங்கள். தெற்கு பிரான்சில் சுமார் 3,000 பேரைப் பத்தாண்டுகள் பரிசோதித்த ஆராய்ச்சி 2014-இல் வெளிவந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஷிப்டு மாறி மாறி உழைத்தவர்களின் ஞாபகமும் அறிவுத் திறனும், ஆறரை வயது கூடுதலாக ஆனவர்களைப்போல் குறைந்திருந்தன. அந்த வேலையை விட்ட பிறகு திறன் மீள்வதற்குக் குறைந்தது ஐந்து வருஷம் ஆயிற்று. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிலாளர்களின் எதிர்ப்பால் மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்க நேர்ந்தது. அன்று தடுத்தது கூடுதல் உழைப்பை மட்டுமல்ல, தூக்கத்தைப் பறிப்பதையும்தான்.

எழுத்தறியாதவனுக்கு ஞாபகமே கணக்குப் புத்தகம். எத்தனை நாள் நடவுக்குப் போனோம், எவ்வளவு வட்டி கட்டினோம், வரப்பு எதுவரை என்பதெல்லாம் மனசில்தான் இருக்கிறது. அது அழிந்தால் கைநாட்டு வாங்குகிறவன் வாசலில் வந்து நிற்பான். ஆகவே இது வைத்திய விஷயம் மட்டுமல்ல, கூலி விஷயம், நில விஷயம்.

இன்றைக்குச் செய்யவேண்டியது

வீட்டில் முதியவருக்கு மறதி கண்டால் முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். தைராய்டு குறைவாலும், பி-12 வைட்டமின் குறைவாலும், மனச்சோர்வாலும்கூட மறதி வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. கண்புரை இருந்தால் அறுவை செய்யுங்கள். காது கேட்காவிட்டால் காது மிஷின் கேளுங்கள். கொதிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். தினமும் அவர்களோடு பேசுங்கள்.

சங்கங்கள் கேட்கவேண்டியவை:

1. இரைச்சலான பிரிவுகளில் வருஷந்தோறும் காது பரிசோதனை. இயர் பிளக் கொடுப்பதோடு நில்லாமல் இயந்திரத்தின் இரைச்சலையே குறைக்கவேண்டும்.

2. இராத்திரி ஷிப்டுக்கு வரம்பு. இடையில் போதுமான ஓய்வு.

3. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கொதிப்பு, சர்க்கரையோடு ஞாபகப் பரிசோதனையும் சேரவேண்டும்.

4. மின்தூண்டல் ஆராய்ச்சி தமிழ்நாட்டின் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும், கே.கே. நகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும் இலவசமாக நடக்கவேண்டும். பலன் நிரூபணமானால் ஒரகடத்துத் தொழிலாளியின் தாயாருக்கும் அது கிடைக்கவேண்டும்.

விஞ்ஞானம் முன்னேறட்டும், வரவேற்போம். ஆனால் ஒரு பக்கம் மனிதனின் ஞாபகத்தைத் தேயவிட்டு, மறுபக்கம் அதையே விலைக்கு விற்கிற வியாபாரத்துக்கு நாம் வாடிக்கைக்காரர்களாக வேண்டியதில்லை. தோழர்களே, தேய்வதை முதலில் நிறுத்துவோம்!