விலை குறைவு என்று வெறும் கூட்டை மாட்டாதீர்கள்!

"சார், கன்வெர்ட்டர் போய்விட்டது. மாற்ற வேண்டும்!"

பழைய கார் வைத்திருப்பவரிடம் மெக்கானிக் ஒரு நாள் இப்படிச் சொல்வார். கம்பெனிச் சரக்கின் விலையையும் சொல்வார். கேட்டவர் மலைத்துப் போவார். உடனே பக்கத்தில் நிற்பவர் ஒரு யோசனை சொல்வார்: "அதை வெட்டி எறிந்துவிட்டு வெறும் குழாயை மாட்டுங்கள். வண்டி நன்றாகத்தான் ஓடும்!"

வண்டி ஓடும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது கக்கும் நஞ்சை யார் சுவாசிப்பது?

அது என்ன பொருள்?

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்பது, என்ஜினுக்கும் சைலென்சருக்கும் நடுவே புகைக்குழாயில் இருக்கும் ஓர் உலோகக் கூடு. அதற்குள்ளே பீங்கான் போன்ற ஒரு கட்டி இருக்கும். அதில் தேன்கூடு போல ஆயிரக்கணக்கான சிறு துளைகள். அவற்றின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்களை மெல்லப் பூசியிருப்பார்கள்.

பெட்ரோல் என்ஜின் விடும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நஞ்சு உண்டு. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் ஆளையே கொன்றுவிடும்! நன்றாகச் சூடேறிய நல்ல கன்வெர்ட்டர் இந்த நஞ்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தீங்கைப் போக்கிவிடும்.

சென்னை, டெல்லி, பம்பாய், கல்கத்தா ஆகிய 4 நகரங்களில், 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயம் ஆயிற்று. ஈயம் கலக்காத பெட்ரோலும் அப்போதுதான் அங்கே விற்பனைக்கு வந்தது. ஈயம் பட்டால் கன்வெர்ட்டர் கெட்டுவிடும்.

முதலில் காரணம் தெரிய வேண்டும்

கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. அது கொல்லப்படுகிறது!

ஸ்பார்க் பிளக் சரியாக வேலை செய்யாவிட்டால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு உருகிவிடும். என்ஜின் ஆயில் குடித்தாலும், அந்தக் கசடு உள்ளே படிந்து அடைத்துக்கொள்ளும். இந்தக் கோளாறுகளைச் சரி செய்யாமல் புதியதை மாட்டினால், அதுவும் விரைவில் போய்விடும். பணம் தண்டம்!

எதைப் பார்த்து வாங்குவது?

கம்பெனிச் சரக்குக்கு வசதி இல்லையா? வெளிச் சரக்கு வாங்குவதில் தவறு இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

டார்ச் விளக்கை அடித்து உள்ளே பாருங்கள். தேன்கூடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது வெறும் கூடு! கையில் எடுத்து மெதுவாக ஆட்டுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே உடைந்திருக்கிறது.

உங்கள் கார் எந்த ஆண்டு, எந்த மாடல், எத்தனை சி.சி. என்று சொல்லிக் கேளுங்கள். பாரத் ஸ்டேஜ் 4 காருக்கு அந்த அளவுக்கு ஏற்ற கன்வெர்ட்டர்தான் வேண்டும். ஆக்சிஜன் சென்சார் பொருத்தும் துளை சரியான இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரசீதும், எழுத்தில் வாரண்டியும் வாங்குங்கள்.

"ஏன் இவ்வளவு மலிவு?" என்று கேட்கத் தயங்காதீர்கள். விலை உயர்ந்த உலோகத்தைக் குறைத்துப் பூசினால் விலையும் குறையும், உழைப்பும் குறையும்.

இன்னொன்று: கழற்றிய பழையதைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். அதிலுள்ள உலோகத்துக்கு மதிப்பு உண்டு. அதன் விலையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

புகைச் சோதனையில், பாரத் ஸ்டேஜ் 2 வருவதற்கு முந்திய பெட்ரோல் கார் 3 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு விடலாம். பாரத் ஸ்டேஜ் 4 காருக்கோ 0.3 சதவீதம்தான்! வெறும் குழாய் மாட்டிய கார் இதில் தேறுவது கடினம். புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு என்று 2019-ல் திருத்திய சட்டம் சொல்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அரசு அனுமதி எண் பொறித்த வெளிச் சரக்கைத்தான் விற்கலாம். நம் ஊரிலும் வாங்குபவர்கள் "இதற்கு என்ன சான்று?" என்று கேட்கப் பழக வேண்டும். கேட்பவர் பெருகினால், போலி விற்பவர் குறைவார்.

அபராதத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்ய வேண்டியதில்லை. சிக்னலில் உங்கள் காருக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. அப்பாவின் முன்னால் ஒரு குழந்தை நிற்கிறது. உங்கள் புகைக்குழாய்க்கு நேரே அந்தக் குழந்தையின் முகம்!

நீங்கள் மிச்சம் பிடிக்கும் பணத்துக்கு அந்தக் குழந்தை விலை கொடுக்கலாமா?