செல்லுபடியாகும் கோபம்

2007ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், நியூயார்க்கில் இருக்கும் சிபிஎஸ் தொலைக்காட்சி அலுவலகத்தில் மூட்டை மூட்டையாகக் கடலை வந்து இறங்கியது. யாரும் ஆர்டர் கொடுத்திருக்கவில்லை. ‘ஜெரிக்கோ’ என்ற தொடரை முதல் சீசனோடு நிறுத்துவதாகச் சேனல் அறிவித்திருந்தது. அதற்கு ரசிகர்கள் அனுப்பிய பதில்தான் அந்த மூட்டைகள். தொடரின் கடைசி அத்தியாயத்தில், சரணடையச் சொல்லும் எதிராளிக்கு நாயகன் ‘நட்ஸ்’ (கடலை) என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வான். 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் பாஸ்டோன் நகரில் ஜெர்மானியரால் சுற்றி வளைக்கப்பட்ட அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் எழுதி அனுப்பிய அதே பதில். ரசிகர்கள் ஓர் இணையக் கடலை வியாபாரியைப் பிடித்து, அந்தப் பதிலை 20 டன்னுக்கு மேல் அனுப்பி வைத்தார்கள்.

சேனல் இறங்கி வந்தது. ஜூன் 6ஆம் தேதி நிகழ்ச்சிப் பிரிவின் தலைவர் நீனா டாஸ்லர் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏழு அத்தியாயங்கள் தருகிறோம், ஆனால் பார்ப்பவர்கள் எண்ணிக்கை கூடியாக வேண்டும், ஆள் சேர்ப்பது உங்கள் பொறுப்பு என்றார். அடியில் ஒரு பின்குறிப்பு: தயவுசெய்து கடலை அனுப்புவதை நிறுத்துங்கள்.

2008 பிப்ரவரியில் தொடர் திரும்பி வந்தது. கூட்டம் சேரவில்லை. தயாரிப்பாளர்கள் விவரமானவர்கள்; தொடர்ந்தால் ஒன்று, நின்றுபோனால் ஒன்று என இரண்டு முடிவுகளைப் படமெடுத்துக் கையில் வைத்திருந்தார்கள். மார்ச்சில் ஒளிபரப்பானது நின்றுபோவதற்கான முடிவு.

பிடித்த தொடர் நிற்கிறது, புத்தகம் தள்ளிப்போகிறது, நாயகன் சாகிறான் என்று செய்தி வந்ததும் ரசிகர்கள் கொதிப்பதை வேலையற்றவர்களின் கூச்சல் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அந்தக் கொதிப்பு எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று பார்த்தால் ஒரு கணக்கு தெரிகிறது. தீர்ப்பு வியாபாரியின் கையில் இருந்தால் பேரம் பேசலாம். எழுதுகிறவரின் கையில் இருந்தால் கெஞ்சத்தான் முடியும்.

அமெரிக்காவில் இந்தப் பேரத்துக்கு வழிகாட்டியவர்கள் ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர்கள். இரண்டாவது சீசனோடு தொடர் நிற்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் 1967-68 குளிர்காலத்தில் என்பிசி சேனலுக்குக் கடிதங்களாகக் குவித்தார்கள். 1968 மார்ச் 1 அன்று, தொடர் நீடிக்கும், இனிக் கடிதம் வேண்டாம் என்று சேனல் திரையிலேயே அறிவித்தது. அதே சேனல், மூன்றாவது சீசனைத் தூக்கி வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குப் போட்டது. இளைஞர்கள் வீட்டில் இருக்காத நேரம். 79 அத்தியாயங்களோடு 1969இல் கதை முடிந்தது. கொடுப்பதுபோல் கொடுத்துப் பிடுங்குவதில் சேனல்களை மிஞ்ச ஆளில்லை.

2018இல் சைஃபை சேனல் ‘தி எக்ஸ்பான்ஸ்’ விண்வெளித் தொடரை மூன்று சீசனோடு கைவிட்டபோது ரசிகர்கள் இன்னும் தெளிவாகக் காய் நகர்த்தினார்கள். கைவிட்டவரிடம் அழுது பயனில்லை, வாங்கக்கூடியவரின் கவனத்தைத் திருப்ப வேண்டும் என்று புரிந்துகொண்டு, தொடரைக் காப்பாற்றச் சொல்லும் பதாகையை ஒரு சிறு விமானத்தில் கட்டி, கலிபோர்னியாவில் அமேசான் ஸ்டூடியோஸ் கட்டடத்துக்கு மேலே சுற்ற வைத்தார்கள். சில நாள்களில், லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஒரு விண்வெளி மாநாட்டில், தொடரின் நடிகர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க, அமேசானின் ஜெஃப் பெசோஸ் தொடரைத் தாம் எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். மேலும் மூன்று சீசன் வந்தது.

இப்போது மறுபக்கம். 2019 மே மாதம் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எட்டாவது சீசனோடு முடிந்தது. முடிவு பிடிக்காமல், அந்த சீசனையே மறுபடி எடுக்கக் கோரும் மனுவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ சேனல் அசையவில்லை. அசைய வேண்டிய தேவையும் இல்லை. சந்தா வந்தாயிற்று, தொடர் முடிந்தாயிற்று. செப்டம்பரில் அந்தத் தொடரே சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதைத் தட்டிச் சென்றது.

அந்தத் தொடரின் மூல நூலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினிடம் ரசிகர்கள் வைத்த கோரிக்கை இன்னும் பலவீனமானது. ஐந்தாம் நூல் 2011இல் வெளிவந்தது. ஆறாவதான ‘தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்’ இன்னும் முடியவில்லை என்று 2016 ஜனவரியில் அவரே ஒப்புக்கொண்டார். அதன் பிறகு தொடர் புத்தகத்தை முந்திக்கொண்டு ஓடியது. திட்டினார்கள், கேலி செய்தார்கள். ஒரு பக்கம்கூட வேகமாக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. ஐந்து நூல்களை வாங்கியவருக்கு ஆறாவதன் மேல் ஆசை இருக்கலாம், உரிமை கிடையாது.

ஷெர்லாக் ஹோம்ஸ் மட்டும் திரும்பி வரவில்லையா என்று கேட்கலாம். 1893 டிசம்பர் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் ஆர்தர் கோனன் டாயில் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றபோது 20,000 பேர் சந்தாவை விட்டதாகச் சொல்வார்கள். (லண்டன் இளைஞர்கள் கறுப்புப் பட்டி அணிந்ததாகச் சொல்லும் கதைக்கு அக்காலத்துச் சான்று இல்லை.) டாயில் எட்டாண்டுகள் மசியவில்லை. 1901இல் எழுதத் தொடங்கிய ‘பாஸ்கர்வில்ஸ்’ நாவல்கூட ஹோம்ஸின் சாவுக்கு முன் நடக்கும் கதை. 1903இல் அவனை உயிரோடு எழுப்பியபோது, 13 கதைகளுக்கு 45,000 டாலர் என்று அமெரிக்காவின் ‘காலியர்ஸ்’ இதழ் விலை பேசியிருந்தது. கண்ணீர் செய்யாததைக் காசோலை செய்தது.

கல்கியின் வாசகர்களுக்கு வாய்த்தது இன்னொரு வகை. 1954இல் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, கதை சட்டென்று நின்றுவிட்டதாக அவர்கள் குறைப்பட்டார்கள். கல்கி முடிவை மாற்றவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். வாசகர் கேட்டதும் நியாயம், எழுத்தாளர் கொடுத்ததும் நியாயம். இப்படி இரண்டும் பொருந்துவது அபூர்வம்.

தொடர் பாதியில் நின்ற கோபம் நியாயமானதுதான். கதையைத் தொடங்கி ஆளைக் கூட்டிவிட்டு நடுவில் கடையைச் சாத்துகிற நிறுவனத்தைத் தாராளமாகத் திட்டலாம். அமேசான் 2025 மே மாதத்தில் ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரை மூன்றாவது சீசனோடு நிறுத்தியதும் அந்த ரகம்தான். ஆனால் அதன் மூல நூல்கள் 2013லேயே 14 பாகங்களாக நிறைவடைந்துவிட்டன. ஆசிரியர் ராபர்ட் ஜோர்டன் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். ‘எக்ஸ்பான்ஸ்’ நூல்களும் ஒன்பது பாகங்களோடு 2021இல் முடிந்தன. திரைக்கு வராமல் போனவை கடைசி மூன்று பாகங்கள். அடுத்து என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஏழாம் பாகத்திலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்.