அவர்களா, நாமா? — டேவிட் மூடியின் ஊழிப் புனைவுகள்

திகில் கதை என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்பது தீவிர இலக்கிய வாசகர்களிடையே நெடுநாளாக நிலவிவரும் வழக்கம். நாமும் அவ்வழக்கத்திற்கு விலக்கல்ல. பதிப்பகத்தின் முத்திரையின்றி, எழுதியவரே வெளியிட்ட திகில் கதை என்றால் ஏளனம் இரட்டிப்பாகும். ஆயினும், இங்கிலாந்தின் எழுத்தாளர் டேவிட் மூடியின் ஊழிப் புனைவுகளைப் படித்து முடித்தபின் அந்த ஏளனத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டியதாயிற்று. அவருடைய உரைநடை உயர்ந்தது என்று வாதிடுவது நம் நோக்கமன்று. அவ்வகை எழுத்தில் பிறர் தொடத் தயங்கிய ஓரிடத்தை அவர் தொட்டிருக்கிறார் என்பதே நாம் சொல்ல விழைவது.

மூடி 1970இல் பர்மிங்காமில் பிறந்தவர். அவருடைய முதல் புதினம் 1996இல் சிறு பதிப்பகம் ஒன்றின்வழி வெளிவந்தது. வாசகரைப் பெரிதாக எட்டவில்லை. அடுத்த நூலுக்கு அவர் வேறு வழியைத் தேர்ந்தார். இலையுதிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட புதினத்தை 2001இல் இணையத்தில் இலவசமாகவே வழங்கிவிட்டார். ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட முறை அது தரவிறக்கம் செய்யப்பட்டது. தொடர்ந்து பல பாகங்கள் எழுதினார். 'இன்ஃபெக்டட் புக்ஸ்' என்ற தம் சொந்தப் பதிப்பகத்தின்வழி அவற்றை அச்சிட்டார். 2006இல் அவரே வெளியிட்ட 'ஹேட்டர்' (வெறுப்பவன்) புதினத்தின் திரைப்பட உரிமையைத் தயாரிப்பாளர் மார்க் ஜான்சனும் இயக்குநர் கியெர்மோ டெல் டோரோவும் வாங்கினர். அதன் பின்னரே பெரிய பதிப்பகங்கள் அவரை நாடி வந்தன. 2009இல் அமெரிக்காவில் 'ஹேட்டர்' மறுபதிப்புக் கண்டது.

இவ்வெற்றிக் கதையைப் பலரும் சொல்லிவிட்டனர். நம் கவனத்திற்குரியது நூல்களுக்குள் என்ன நடக்கிறது என்பதே.

'இலையுதிர்காலம்' புதினத்தில் ஒரு காலைப்பொழுதில் ஏறத்தாழ மனிதகுலம் முழுவதும் மடிந்துவிடுகிறது. நூற்றில் ஒருவர்கூட எஞ்சவில்லை. சில நாள் கழித்து, விழுந்து கிடந்த சடலங்களில் ஒரு பகுதி எழுந்து நடக்கின்றன. ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த திரைப்படத்திற்குப் பிறகு, எழுந்து நடக்கும் பிணம் மனிதரைத் தின்னும் என்பது இவ்வகைக் கதைகளில் ஏறக்குறைய விதியாகிவிட்டது. மூடியின் சடலங்கள் எவரையும் தின்பதில்லை. முதலில் அவற்றுக்குக் கண் தெரியாது, காது கேளாது. இலக்கின்றி அலைந்துகொண்டிருக்கும். பின் மெல்ல மெல்லப் புலன்கள் திரும்புகின்றன. கேட்கின்றன, பார்க்கின்றன, கடைசியில் தாக்கவும் முற்படுகின்றன. உடலோ அதே வேளையில் அழுகிக்கொண்டே போகிறது. உணர்வு கூடக்கூட உடல் குறையும் இந்த முரணே கதையின் அச்சு. உயிர் தப்பியோர் அவற்றை 'உடல்கள்' என்றே குறிப்பிடுகின்றனர். பேய், பூதம் என்ற பெயர்கள்கூட அவற்றுக்கு வாய்க்கவில்லை. நேற்றுவரை அண்டை வீட்டாராகவும் மாணவராகவும் கடைக்காரராகவும் இருந்தோர் இன்று வெறும் உடல்கள்.

மைக்கேல், கார்ல், எம்மா என்ற மூவர் நகரத்தை நீங்கிப் பண்ணைவீடு ஒன்றில் தஞ்சமடைகின்றனர். அவர்களிடையே வீரர் எவருமில்லை. நோய்க்கு மருந்து தேடும் விஞ்ஞானியுமில்லை. நோய் ஏன் வந்தது என்ற விளக்கத்தில் ஆசிரியர் அக்கறை காட்டுவதில்லை. சிறு ஓசையும் உடல்களை ஈர்க்கும் உலகில், உரத்துப் பேசாமல் ஒரு நாளைக் கடத்துவது எப்படி என்பதுதான் அங்குள்ள பெருங்கேள்வி. கொள்ளைநோயில் மனிதகுலம் அழிவதை மேரி ஷெல்லி 1826லேயே 'கடைசி மனிதன்' புதினத்தில் எழுதிவிட்டார். அந்நெடிய மரபின் பிரமாண்டத்தை உதறிவிட்டு, அழிவைச் சமையலறைக்கும் மாடிப்படிக்கும் கொண்டுவந்தது மூடியின் முதல் தனித்தன்மை.

இரண்டாவது தனித்தன்மை 'ஹேட்டர்' நூலில் உள்ளது; நம் மதிப்பில் அதுவே முதன்மையானது. கதைசொல்லி டேனி மெக்கோய்ன் உள்ளாட்சி அலுவலகமொன்றில் வாகன நிறுத்த அபராதங்களைக் கையாளும் ஊழியன். வேலையில் வெறுப்பு, நெருக்கடியான சிறு வீடு, மனைவி, மூன்று குழந்தைகள், தீராத பணமுடை. ஊரில் திடீரென இனம்புரியாத வன்முறை தலைதூக்குகிறது. அமைதியாகத் தெருவில் நடந்து சென்றவர் கையிலிருந்த குடையால் முன்பின் அறியாத மூதாட்டியைத் தாக்குகிறார். நண்பன் நண்பனைக் கொல்கிறான்; பெற்றோர் பிள்ளைகளைத் தாக்குகின்றனர். 'வெறுப்பவர்கள்' என்று அவர்களுக்குப் பெயரிடப்படுகிறது. டேனி கதவைத் தாழிட்டுக் குடும்பத்தைக் காக்க முயல்கிறான்.

கதையை அறிய விரும்பாதோர் அடுத்த பத்தியைத் தவிர்க்கலாம். ஆனால் அதைச் சொல்லாமல் இந்நூலைப் பற்றிப் பேச இயலாது.

புதினத்தின் பிற்பகுதியில் டேனியே மாறிவிடுகிறான். வீட்டில் உடனிருந்த மாமனாரைக் கொல்கிறான். கதை முன்போலவே அவன் வாயிலாகத் தொடர்கிறது. அவன் பைத்தியம் பிடித்தவனாகப் பேசுவதில்லை. முன்னைவிடத் தெளிவாகப் பேசுகிறான். எதிரே நிற்பவர்கள் தன்னைக் கொல்லப்போகிறார்கள் என்று உறுதியாக அறிகிறான், ஆகவே முந்திக்கொள்கிறான். அவன் பார்வையில் அது வெறுப்பே அன்று, தற்காப்பு. பின்னர் இராணுவம் அவனைப் போன்றோரைத் திரட்டிக் கொல்லத் தொடங்கும்போது அவன் அஞ்சியது மெய்யாகியும் விடுகிறது. ஓர் அச்சம் தன்னை உண்மையாக்கிக்கொள்ளும் இவ்வழியை மூடி அலங்காரமின்றிக் காட்டுகிறார்.

இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. ரிச்சர்ட் மேத்தசனின் 1954ஆம் ஆண்டுப் புதினம் 'நானொரு பழங்கதை', உலகில் எஞ்சிய ஒற்றை மனிதனைப் புதிய சமூகம் அரக்கனாகக் காண்பதைச் சொல்லி முடிகிறது. ஆனால் அங்கே நாயகன் மறுகரையைக் கடைசியில் புரிந்துகொள்கிறானேயன்றி அங்கே குடியேறுவதில்லை. மூடியின் கதைசொல்லி குடியேறிவிடுகிறான். வாசகரையும் உடன் அழைத்துச் செல்கிறான்.

இவ்விடத்தில்தான் தமிழறிந்த வாசகருக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு. இத்தொடரின் மூன்றாம் நூல் 2011இல் வந்தது. அதன் தலைப்பைத் தமிழாக்கினால் 'அவர்களா, நாமா?' என்பதா, 'அவர்களா, நாங்களா?' என்பதா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழிலோ, கேட்பவரை உள்ளடக்கினால் நாம், விலக்கினால் நாங்கள். முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று வகுப்பறையில் கற்பித்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். 'ஹேட்டர்' நூலை அவ்விலக்கணத்தோடு படித்துப் பாருங்கள். முற்பாதி முழுவதும் டேனியின் தன்மைப் பன்மை 'நாம்'. அவன் அச்சம் நம் அச்சம். அவன் மாறிய கணத்திலிருந்து அது 'நாங்கள்'. அதுவரை தோளில் கைபோட்டுப் பேசியவன், நம்மைக் கொல்லப்பட வேண்டியோர் பக்கம் நிறுத்திவிட்டான். அவன் குரலோ மாறவில்லை. அவன் கண்வழியே பார்த்துப் பழகிய நமக்கு வெளியே வரவும் இயலவில்லை. ஆங்கில மூலத்தில் மறைந்தே நிகழும் இந்த மாற்றம், தமிழில் பெயர்ப்போன் கையில் ஒரே எழுத்துப் பிழையின்றி வெளிப்பட்டாக வேண்டும்.

இது வெறும் இலக்கண நயமன்று. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனா தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. உடலைக் கொண்டுவந்த ஊர்தியின்மீது கற்கள் வீசப்பட்டன. அக்கூட்டத்தினருக்கு அம்மருத்துவர்மீது தனிப்பகை எதுவும் இருந்திருக்க முடியாது. தங்களைக் காத்துக்கொள்வதாகவே அவர்கள் நம்பியிருப்பர். சில நாள் முன்புவரை 'நாம்' என்ற சொல்லுக்குள் இருந்த மருத்துவர், அன்று ஓர் உடல். செய்தியைப் படித்து நாம் பதறினோம். ஆயினும் அதே வாரங்களில், பக்கத்து வீட்டில் எவரேனும் இருமினால் சன்னலைச் சாத்தியவர்களும் நாம்தான்.

மூடியின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அவருடைய நடை தட்டையானது. ஒரே நிகழ்வு வேறு வேறு அறைகளில் திரும்ப நிகழ்கிறது. டேனியின் மனைவி லிசி உள்ளிட்ட பெண் பாத்திரங்கள் முழுமை பெறவில்லை. தேர்ந்த பதிப்பாசிரியர் ஒருவர் பக்கங்களைக் குறைத்திருப்பார். ஆனால் நம் மனத்தில் எழும் ஐயம் வேறு: வாசகர் நேசிக்கும்படியான நாயகன் வேண்டும், நோய்க்குக் காரணம் வேண்டும், இறுதியில் ஆறுதல் வேண்டும் என்று வழமையான பதிப்புலகம் கேட்டிருந்தால் இந்நூல்கள் இவ்வடிவில் எஞ்சியிருக்குமா? தம் நூலை இலவசமாகக் கொடுத்தவருக்கு எவருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. அந்தச் சுதந்திரம் அவருடைய பலவீனங்களை மட்டுமன்று, துணிவையும் காப்பாற்றியிருக்கிறது.

நல்ல நடையைத் தேடிச் செல்வோருக்கு மூடி ஏமாற்றமளிப்பார். தாம் எப்போதும் 'நாம்' என்ற சொல்லுக்குள் பத்திரமாக இருப்பதாக எண்ணுவோர் அவரைப் படிக்கலாம். 'ஹேட்டர்' நூலிலிருந்து தொடங்குவது நலம்.