மலையகச் சிசுக்களுக்கு வழி என்ன?

குடல் அடைபட்டோ, வயிற்றுக்கு வெளியே தள்ளியோ பிறக்கும் சிசுவைத் தலைவிதியென்று கைவிட்ட காலம் மலையேறிவிட்டது. இக்குறைகளிற் பலவற்றைத் தாயின் வயிற்றிலேயே ஸ்கேன் பரிசோதனையாற் கண்டறியலாம்; பிறந்தபின் சத்திரசிகிச்சையாற் சீர்செய்யலாம். ஆயின், அவ்வாய்ப்பு கண்டி நகரத்துத் தாய்க்கும், புசல்லாவை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களில் வாழும் தாய்க்கும் ஒருபடித்தாகக் கிட்டுகிறதா என்பதே நமது கேள்வி.

முன்சிறுகுடல் அடைபட்ட சிசுவின் வயிற்றில், ஸ்கேன் படத்திலே இரண்டு நீர்க்குமிழிகள் அருகருகே தோன்றும். சிசு விழுங்கும் நீர் கீழிறங்காமையாற் பனிக்குடநீரும் அளவுமீறிப் பெருகும். இது பெரும்பாலும் 20 வாரங்களுக்குப் பின்னரே புலப்படும். வயிற்றுச் சுவரின் பிளவு வழியே குடல் வெளியே மிதக்கும் குறையோ அதற்கு முன்னரே தெரியக்கூடியது.

தெரிந்து என்ன பயன் என்று கேட்பாரும் உளர். 74 நாடுகளின் 264 வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வொன்றை 2021 இல் லான்செட் சஞ்சிகை வெளியிட்டது. வயிற்றுச் சுவர்ப் பிளவுடன் பிறந்த சிசுக்களில், செல்வ நாடுகளில் இறந்தவை நூற்றுக்கு 1.4, நடுத்தர வருமான நாடுகளில் 31.9, வறிய நாடுகளில் 90. குறை ஒன்றே, வேறுபட்டது பிறந்த இடமும் கிடைத்த பராமரிப்புமே. இலங்கை இருப்பது நடு வரிசையில் என்பதை மறத்தலாகாது.

பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் அதன் வாயிலைச் சிசு உயிரோடு அடைய வேண்டுமே! குறையை முன்னரே அறிந்தால், தாயை அதன் அருகே அழைத்துப் பிரசவம் பார்க்கலாம். சிசுவைக் கொண்டுசெல்லத் தாயின் வயிற்றிலும் பாதுகாப்பான வாகனம் வேறில்லை. அறியாவிட்டால், எங்கோ பிறந்த சிசு பச்சையாக வாந்தியெடுத்த பின்னரே ஓட்டம் தொடங்குகிறது. அந்தப் பச்சை வாந்தி, கணமும் தாமதிக்கலாகாத அபாயக்குறி என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிதல் வேண்டும்.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, 24 வாரங்களுக்கு முன் ஒரு ஸ்கேன் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2016 இல் விதந்துரைத்தது. அது, தேர்ந்தவர் கையால், எந்தத் தோட்டத்துத் தாய்க்கும் தவறாமற் கிடைக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் மறு பரிசோதனையும் வேண்டும். இரண்டாவது, பரிசோதனைக்குச் செல்லும் நாளில் அவளது 'பேர்' வெட்டப்படலாகாது. கூலிக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு தாயை நிறுத்துவது நியாயமன்று. மூன்றாவது, பரிசோதனை முடிவை அவளுக்குத் தமிழில் விளக்க வேண்டும். முன்சிறுகுடல் அடைப்புள்ள சிசுக்களில் ஏறத்தாழ மூன்றிலொன்றுக்கு டவுன் நோய்க்குறியும் காணப்படுகிறது. இத்தகைய செய்தியைப் புரியாத மொழியிற் சொல்வது, சொல்லாமைக்கு ஒப்பாகும். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது பிரசவ விடுதிக்கும் பொருந்தும் அன்றோ?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டுமென்பதை நம் விவசாயிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. படித்த தொழில்வல்லுநர் இக்கோரிக்கைகளை எழுத்தில் வடிக்கட்டும். உழைக்கும் மக்கள் அவற்றுக்குப் பின்னே திரளட்டும். இலவச வைத்தியம் கண்டி நகர எல்லையோடு நின்றுவிட நாம் இடமளியோம்.